தெரியாது என்று சொல்வது

அம்மாவின் கழுத்தில், காதுக்குக் கீழே ஒரு நெறி. சத்திரப்பட்டியில் முப்பது வருஷம் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறியில் நின்றவள். "நெறி கட்டியிருக்கு, ஒத்தடம் குடுத்தா அமுங்கிரும்" என்றாள். ஒரு மாதமாகியும் அமுங்கவில்லை.

ராஜபாளையத்தில் எலாஸ்டோகிராஃபி ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் விரலால் அழுத்தி, பஞ்சா ரப்பரா கல்லா என்று பார்ப்பாரே, அந்த வேலையைத்தான் இந்தக் கருவி செய்கிறது. மிருதுவான திசு அழுத்தினால் நசுங்கும். கெட்டியானது அவ்வளவாக நசுங்காது. அந்த வித்தியாசத்தை நிறமாக்கிக் காட்டுகிறது. 1991இல் ஜோனதன் ஓஃபிரும் அவரது சகாக்களும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலிருந்து பரவிய முறை இது. பின்னால் வந்த கருவிகள், திசுவுக்குள் ஓடும் அலையின் வேகத்தை அளந்து கிலோபாஸ்கலில் கணக்குச் சொல்கின்றன.

திரையில் அந்த இடம் சிவப்பாக இருந்தது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. சில கருவிகளில் சிவப்பு என்றால் கெட்டி, சிலவற்றில் நீலம்தான் கெட்டி என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. புற்று பரவிய நெறி பெரும்பாலும் கெட்டியாக இருக்கும். ஆனால் காசநோய் நெறியும் கெட்டியாகலாம். லிம்போமா மிருதுவாகவே இருந்து ஏமாற்றலாம். கெட்டி என்பதாலேயே அது கெட்டது ஆகிவிடாது. ஊசி குத்தி செல்லை எடுத்துப் பார்க்க வேண்டும்.

அதற்காக ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் அம்மா கேட்டாள்: "ஸ்கேன்ல என்னப்பா சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லம்மா."

அன்பினால் சொன்னதாகத்தான் நினைத்தேன். அரைகுறையாகத் தெரிந்ததைச் சொல்லி ஒருத்தியின் தூக்கத்தைக் கெடுப்பது சரியா? நியாயமான கேள்விதான். ஆனால் "ஒண்ணுமில்ல" என்பதும் எனக்குத் தெரிந்த விஷயமில்லையே. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னேன். காப்பாற்றியது அவளை அல்ல. அவள் முகம் மாறுவதைப் பார்க்க முடியாத என்னை. கழுத்து அவளுடையது. அதைப் பற்றிய சந்தேகமும் அவளுக்குச் சேர வேண்டியதுதான்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், பால்கோவா கடை ஓரமாக நின்று சொன்னேன். "கெட்டியா இருக்காம்மா. எதனாலன்னு இன்னும் தெரியல."

"கெட்டியா இருக்கது எனக்குத் தெரியாதா? தினமும் தொட்டுப் பாக்கேன்" என்றாள். "தெரியலன்னு சொன்னியே, அதைக் காலையிலயே சொல்லியிருக்கலாம்ல. நானும் தனியா முழிச்சுக்கிட்டுக் கெடந்திருக்க மாட்டேன்."

ரிசல்ட் வர இன்னும் நாலு நாள். இரண்டு பேரும் சேர்ந்துதான் காத்திருக்கிறோம்.