செகண்ட் கிளாஸ்தான்!

நம் வீடுகளில் ‘செகண்ட் கிளாஸ்’ என்று சொல்வதற்கு முன்னால் லேசாகத் தொண்டையைக் கனைத்துக்கொள்வார்கள். கவனித்திருப்பீர்கள். ‘பையன் பாஸ் பண்ணிட்டான்... செகண்ட் கிளாஸ்தான்.’ அந்தத் ‘தான்’ இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

தென்னாப்பிரிக்க கிரிக்கெட்டில் இந்தத் ‘தான்’ ஒரு சட்டமாகவே இருக்கிறது. 2021-22 பருவத்தில் அங்கே 15 மாகாண அணிகளை இரண்டு டிவிஷனாகப் பிரித்தார்கள். மேலே 8, கீழே 7. டி20 உட்பட எல்லா ஆட்டத்திலும் கீழே இருப்பவர்களுக்குத் தனிப் போட்டி. லிம்போபோ, ம்புமலங்கா, கிம்பர்லியில் ஆடும் நார்தர்ன் கேப்... இவர்களை நீங்கள் டி.வி.யில் பார்த்திருக்க மாட்டீர்கள். 2023-ல் எஸ்.ஏ.20 லீக் வேறு வந்தது. அதன் 6 அணிகளையும் வாங்கியவர்கள் ஐ.பி.எல். முதலாளிகள்தான். நம்ம சூப்பர் கிங்ஸ்கூட ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு கிளை திறந்தது. வெளிச்சம் மொத்தமும் அந்தப் பக்கம் போய்விட்டது.

டி20 என்பதே கூட்டத்தை இழுப்பதற்காக 2003-ல் இங்கிலாந்தில் ஆரம்பித்த சமாசாரம். கூட்டமில்லாத டி20, கைதட்ட ஆளில்லாத பட்டிமன்றம் மாதிரி. அப்படியிருக்க, இரண்டாவது டிவிஷனில் ஒருவன் எல்லைக்கோட்டில் எதற்காக முழங்கை தேய டைவ் அடிக்க வேண்டும்?

‘பலனை எதிர்பாராதே’ என்று கீதையை எடுத்து நீட்டிவிடலாம். சௌகரியமான பதில். எனக்குச் சம்மதமில்லை. பலனை எதிர்பார்க்காதவன் டைவ் அடிக்க மாட்டான் சார். அவனுக்கு ஒரு கதவு வேண்டும். திறக்காவிட்டாலும் பரவாயில்லை, திறக்கக்கூடிய கதவாக இருக்க வேண்டும்.

முன்பு அந்தக் கதவும் இல்லை. 2004-05 முதல் 2021 வரை மேல்மட்டத்தில் 6 ஃபிரான்சைஸ் அணிகள். மாகாண அணிகள் அதற்குக் கீழே. நன்றாக ஆடும் பையனை மேலே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவனை வளர்த்த அணி எத்தனை கோப்பை ஜெயித்தாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். யாரும் கீழே இறங்க வேண்டியதில்லை என்பதால் அந்த ஏற்பாடு பார்ப்பதற்குக் கருணையாகத் தெரியும். மேலே இருப்பவனுக்கு மட்டும்தான் அந்தக் கருணை என்பது கொஞ்சம் யோசித்தால் புரியும்.

புதிய ஏற்பாட்டில் இரண்டு பருவங்களின் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து 2023-ல் ஓர் அணியை இறக்கி, ஓர் அணியை ஏற்றினார்கள். இறங்கியது ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தின் நைட்ஸ். ஹன்ஸி குரோனியேவும் ஆலன் டொனால்டும் ஆடிய மாகாணம் அது. அதே பருவத்தில், 2022 அக்டோபர் 31-ம் தேதி, இந்த நைட்ஸை எதிர்த்து டைட்டன்ஸின் டெவால்ட் பிரெவிஸ் என்ற பத்தொன்பது வயதுப் பையன் 57 பந்தில் 162 அடித்தான். டைட்டன்ஸ் 271. பதிலுக்கு நைட்ஸ் 230. இருபது ஓவரில் 230 அடித்தும் தோல்வி! அந்தப் பருவம் முடிந்ததும் டிவிஷனும் போயிற்று. குரூரம்தான். ஆனாலும் பூட்டிய கதவைவிட இது மேல் என்பேன். இறங்கியதற்குக் காரணம் ஸ்கோர்போர்டில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. புதிய ஏற்பாடு தொடங்கியபோது மேல் டிவிஷன் அணிக்கு 16 பேருக்குச் சம்பள ஒப்பந்தம். கீழே 11 பேருக்கு. பதினொன்று என்றால் என்ன அர்த்தம்? ஒருத்தனுக்கு விரல் உடைந்தால் அந்த இடத்துக்குச் சம்பளம் வாங்குகிற ஆள் கிடையாது. ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டு அடிப்படிகளை அறுத்துவிட்டால், ‘ஏறிக்கோப்பா, உனக்கும் உரிமை உண்டு’ என்று சொல்வதில் எவ்வளவு நியாயம் இருக்கிறது? நம் பள்ளிக்கூடங்களையும் நினைத்துக்கொண்டுதான் கேட்கிறேன்.

அப்படியும் ஏறிய அணி, உள்நாட்டுக் குவாஸுலு-நேட்டால். அதன் ஊர் பீட்டர்மாரிட்ஸ்பர்க். 2003 உலகக் கோப்பையில் நமீபியாவுக்கு எதிராக சச்சின் 152 அடித்த ஊர். அதற்கெல்லாம் முன்னால், 1893-ல், கையில் முதல் வகுப்பு டிக்கெட் வைத்திருந்த ஓர் இளம் வக்கீலை ரயிலிலிருந்து பிளாட்பாரத்தில் இறக்கிவிட்ட ஊரும் அதுதான். காந்திக்கு அன்று எந்தப் பரீட்சையிலும் மார்க் குறையவில்லை. தோல் நிறம் போதுமானதாக இருந்தது.

அதே தேசத்தில் கிரிக்கெட்டையும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். கர்ரி கோப்பை வெள்ளையர்களுக்கு. கறுப்பர்கள், கலப்பினத்தவர்கள், இந்திய வம்சாவளியினருக்கு, பராமரிப்பில்லாத மைதானங்களில், 1970-களிலும் 80-களிலும் ஹோவா பௌல் என்றொரு போட்டி. இவர்கள் மேலே ஏற எத்தனை புள்ளி எடுக்க வேண்டும் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. ஏற வழியே இல்லாதபோது கணக்கு எதற்கு? பேசில் டி’ஒலிவேரா 1960-ல் இங்கிலாந்துக்குப் போய், அந்த நாட்டுக்காக ஆடினார். மற்றவர்கள் அங்கேயே ஆடினார்கள்.

அப்படி ஆடியவர்களில் ஒருவர் வேகப்பந்து வீச்சாளர் வின்சென்ட் பார்ன்ஸ். 300-க்கும் மேற்பட்ட விக்கெட்டுகள், விக்கெட்டுக்குச் சராசரியாக சுமார் 12 ரன். நிறவெறி ஆட்சி ஒழிந்த பிறகு, அந்த ஆட்டங்களுக்கும் ‘ஃபர்ஸ்ட் கிளாஸ்’ அந்தஸ்து கொடுத்து ஏட்டில் சேர்த்தார்கள். என்றோ போட்ட அதே பந்து, விழுந்த அதே ஸ்டம்ப். மேலே எழுதியிருந்த தலைப்பு மட்டும் மாறியது.

பார்ன்ஸ் பின்னாளில் தென்னாப்பிரிக்க அணிக்கே பௌலிங் பயிற்சியாளர் ஆனார். தன் நாட்டுக்காக ஒரே ஒரு பந்து வீசும் வாய்ப்பு அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.