ஏழையின் கணக்கில் நம் எச்சில் இலை

மனிதர்கள் வெளியிடும் பசுங்குடில் வாயுக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சோற்றுக்காகத்தான். வயல், தொழுவம், லாரி, குளிர்பதனக் கிடங்கு, அடுப்பு, குப்பைமேடு என்று எல்லாம் சேர்ந்த கணக்கு அது. 2015-ஆம் ஆண்டு நிலவரப்படி அந்தப் பழியில் அமெரிக்காவின் பங்கு 8.2 விழுக்காடு, இந்தியாவின் பங்கு 6.3. அமெரிக்கர்களைப் போல நான்கு மடங்கு பேர் நாம். இதைக் கேட்டதும் நமக்கு வருகிறதே ஒரு நிம்மதி, அதை இன்றே விட்டொழியுங்கள்.

அமெரிக்கர்கள் மீது குற்றம் இல்லாமலில்லை. மாட்டிறைச்சி, சூப்பர் மார்க்கெட் குளிர்பெட்டிகளில் கசியும் வாயு, தின்னாமல் கொட்டும் 30 முதல் 40 விழுக்காடு உணவு. ‘நாங்கள் சைவம்’ என்று அவர்களைப் பார்த்து மார்தட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பால்பாயசத்துக்கும் மாடு மீத்தேன் ஏப்பம் விட்டுத்தான் ஆகவேண்டும்.

1991-லேயே சுற்றுச்சூழல் ஆய்வாளர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் உரக்கக் கேட்டார்கள்: வயிற்றுப்பாட்டுக்கு எழும் வாயுவையும் சொகுசுக்கு எழும் வாயுவையும் ஒரே தராசில் நிறுக்கலாமா? நெல் நடுகிறவருக்காகவும் ஏர்மாடு வைத்திருப்பவருக்காகவும் கேட்ட நியாயம் அது. அதை ஏ.சி. மண்டபத்தில் இலைமுன் அமர்ந்திருக்கும் நாம் எடுத்துப் போர்த்திக்கொள்வது அயோக்கியத்தனம். நம் சராசரி தாழ்ந்திருப்பது அரைவயிறு உண்பவர்களால். நம் ஒழுக்கத்தால் அல்ல.

ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கையைப் பாருங்கள். வீடுகளில் மட்டும் ஆண்டுக்குத் தலைக்கு அமெரிக்கர் வீணாக்குவது 73 கிலோ, இந்தியர் 55. தோலும் எலும்பும் சேர்த்த கணக்கு என்றாலும், இவ்வளவுதானா வித்தியாசம்? மண்டபமும் ஓட்டலும் இதில் சேரவே இல்லை.

பந்தியைப் பாருங்கள். ஆள் உட்காருமுன்பே இலை நிறைந்திருக்கிறது. கேட்காமல் வைத்த லட்டு, கடிபடாத வடை, கை படாத சாம்பார் சாதம். எதிரே அடுத்த பந்திக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவசரமாக இலையை மூடிவிட்டு எழுகிறோம். அத்தனையும் கறுப்புப் பையில் கட்டப்பட்டு, சென்னையானால் கொடுங்கையூர் குப்பைமேட்டுக்கோ பெருங்குடிக் குப்பைமேட்டுக்கோ போய்ச் சேர வேண்டியதுதான். குவியலுக்கடியில் காற்றுப் புகாமல் அழுகி மீத்தேன் ஆகிறது. நீர் தேங்கிய வயலிலும் இதேதான் நடக்கிறது. ஆனால் வயல் நெல் தருகிறது. அந்த உழவரிடம் ‘காய்ச்சலும் பாய்ச்சலுமாக’, இடையிடையே வயலைக் காயவிட்டு நீர்விடச் சொல்லி மீத்தேனைக் குறைக்கப் பாடம் நடத்துகிறோம். நல்ல பாடம்தான். மண்டபத்துக்கு யார் நடத்துவது?

நாள் தள்ளாதீர்கள். கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். மீத்தேன் ஏறக்குறைய 12 ஆண்டுதான். ஆனால் அடுத்த 20 ஆண்டுகளில் எடைக்கு எடை கரியமில வாயுவைவிடச் சுமார் 80 மடங்கு சுடும். இன்று குறைத்தால் பலன் நம் ஆயுளிலேயே தெரியும். கலிஃபோர்னியாவில் 2022 முதல் வீட்டு உணவுக்கழிவைத் தனியே பிரித்துப் போடுவது சட்டம். சட்டம் வந்து நம் கையைப் பிடிக்கட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

வரும் முகூர்த்தத்துக்கு மண்டபம் பேசியிருக்கிறீர்களா? சமையல் கான்ட்ராக்டரை இன்றே கூப்பிடுங்கள். வருகிறவர்களை எண்ணி இலைக்கணக்கு சொல்லுங்கள். கௌரவத்துக்காக நூறு இலை கூட்டாதீர்கள். ஆள் உட்கார்ந்த பிறகே பரிமாறட்டும், கேட்டே வைக்கட்டும். இனிப்பு ஒன்று போதும். மிஞ்சியது கெடுவதற்குள் வந்து வாங்கிப்போக ஆளை முதல் நாளே ஏற்பாடு செய்யுங்கள். சம்பந்தி முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.