சுவருக்கு அப்பால்

சுவர் ஒன்றாயினும் அதற்கு முகங்கள் இரண்டு. உள்முகத்தை வெள்ளையடித்து அழகு செய்கிறோம்; வெளிமுகத்தை மழைக்கும் வெயிலுக்கும் விட்டுவிடுகிறோம். அவ்வெளிமுகத்தின் வழியே பிறருக்குச் சென்று சேர்வனவற்றிற்கு நாம் பொறுப்பாளிகளா என்பது பழைய வினா. செங்கல்பட்டு முதல் மாமல்லபுரக் கடற்கரை வரை இன்று வீட்டுச் சுவர்களில் பதிக்கப்பட்டிருக்கும் ஏ.சி. பெட்டிகள் அவ்வினாவை மீண்டும் எழுப்புகின்றன.

பலரும் எண்ணுவதுபோல் அப்பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. அறையிலுள்ள வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுவதே அதன் தொழில். ஒரு டன் என்பது இங்கே பெட்டியின் எடையன்று. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகுங்கால் உறிஞ்சும் வெப்பத்தின் அளவு. ஒன்றரை டன் பெட்டி முழுமையாக ஓடும்போது அறையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோவாட் வெப்பத்தை எடுக்கிறது. அதற்குச் செலவாகும் ஒன்றரைக் கிலோவாட் அளவிலான மின்சாரமும் வெப்பமாகவே வெளியேறுகிறது. ஆக, நம் அறை இழக்கும் வெப்பத்தினும் தெரு ஏற்கும் வெப்பமே மிகுதி. கத்திரி வெயிலில், குறுகிய சந்தின் எதிர்த் திண்ணையில் ஓலை விசிறியோடு அமர்ந்திருக்கும் மூதாட்டி நம் சுகத்திற்குரிய விலையில் ஒரு பகுதியைத் தம் உடலால் செலுத்துகிறார்.

‘நம் உடைமையில் நாம் விரும்பியதைச் செய்ய உரிமையில்லையா?’ எனக் கேட்கலாம். ஃபிக்ஹு மேதைகள் இதனை ஆழ்ந்து ஆராய்ந்துள்ளனர். ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவீ (ரஹ்) தம் ‘மின்ஹாஜ்’ நூலில், குடியிருப்புகளின் நடுவே ஒருவர் தம் வீட்டைக் குளியற்கூடமாக்கவும், துணிக்கடைகளிடையே தம் கடையில் கொல்லுலை வைக்கவும் இடமளிக்கிறார், ஆயின், தக்க முன்னெச்சரிக்கையோடு சுவர்களை உறுதி செய்திருக்க வேண்டுமென நிபந்தனை விதிக்கிறார். ஹனஃபீ சட்டத்தைத் தொகுத்து 1869 முதல் 1876 வரை உதுமானிய அரசு வெளியிட்ட ‘மஜல்லா’, அண்டை வீட்டார் குடியிருக்க இயலாதவாறு அடுப்புப் புகை சூழுமாயின் அத்தீங்கை அகற்றியே தீர வேண்டும் என்கிறது. காற்றையோ காட்சியையோ மறைப்பதை அத்துணைப் பெருந்தீங்காக அது கருதவில்லை. ஏ.சி.யின் அனல் இவ்விரண்டனுள் எவ்வகையைச் சாரும் என்பதை முஃப்திகள் ஆராயட்டும். உரிமையுடையார் முன்னெச்சரிக்கைக்கும் கடமைப்பட்டவர் என்பது இப்போதே தெளிவு. அம்முன்னெச்சரிக்கை பெட்டியைப் பராமரிப்பதில் தொடங்குகிறது.

கடற்காற்றின் உப்பு கல்லையே தின்னும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் சிற்பங்கள் முகம் தேய்ந்து நிற்பதைக் கண்டோர் அறிவர். கோவளத்திலும் அதன் அண்டை ஊர்களிலும் சுவருக்கு வெளியே நீட்டி நிற்கும் மெல்லிய அலுமினியத் தகடுகள் எம்மாத்திரம்! உப்பும் தூசும் அவற்றை அடைத்தால் கம்ப்ரஸர் திணறும், மின்செலவு ஏறும், தெருவிற்குச் சேரும் வீண்வெப்பமும் ஏறும்.

தொழிலறிந்த மெக்கானிக் முதலில் மின்சாரத்தைத் துண்டிப்பார். முகப்பையும் பில்டரையும் கழற்றித் திருகுகளை நீக்குவார். உறை சுவரிலேயே நிற்க, இயந்திரத்தை மட்டும் இருவராக வெளியே இழுத்து இறக்குவர். மின்சாரம் நின்ற பின்னும் கெபாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்குமாதலால், அதனைத் தக்க முறையில் போக்கிய பின்னரே கைவைப்பார். மோட்டாரையும் மின்னிணைப்புகளையும் பாலிதீனால் மூடி, பின்புறக் காயிலை மென்மையாக நீர் பாய்ச்சிக் கழுவி, வளைந்த தகடுகளைச் சீப்பினால் நிமிர்த்துவார். நன்கு உலர்ந்த பின்னரே மீண்டும் பொருத்துவார். அப்போது பெட்டி வெளிப்புறமாகச் சற்றே சாய்ந்திருத்தல் வேண்டும். இல்லையேல் நீர் நம் அறைக்குள் வடியும். இதனை மறப்பவர் இல்லை. வெளியே வடியும் நீர் பிறர் சுவரை நனையாதிருக்கக் குழாய் வைக்கத்தான் மறந்துவிடுகிறோம்!

கேஸைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது விளக்கெண்ணெய்போல் எரிந்து தீர்வதன்று. மூடிய குழாய்க்குள் அதுவே மீண்டும் மீண்டும் சுழல்கிறது. குறைந்திருப்பின் எங்கோ கசிவு உண்டு என்பதே பொருள். கசிவை அடைக்காமல் ஆண்டுதோறும் கேஸ் நிரப்பிப் பணம் பெறுவது வீட்டாருக்குச் செய்யும் வஞ்சனை. எஞ்சிய வாயுவை உருளையில் சேகரியாமல் வானில் திறந்துவிடுவது உலகிற்கே செய்யும் வஞ்சனை. பழைய பெட்டிகளில் உள்ள ஆர்-22 வாயு ஓசோன் படலத்தை அரிப்பது. 1987ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையின் வழியே உலக நாடுகள் படிப்படியாகக் கைவிட்டுவரும் வாயுக்களுள் ஒன்று. அதில் 1 கிலோ, நூறாண்டுக் கணக்கில், ஏறத்தாழ 1,800 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடாக வெப்பத்தைத் தேக்கும். புதிய ஆர்-32 ஓசோனை அரிப்பதில்லை. எனினும் வெப்பத்தைத் தேக்கும், ஓரளவு தீப்பற்றவும் கூடும்.

இவற்றையெல்லாம் வீட்டார் பார்ப்பதில்லை. அவர்கள் காண்பது முகப்பின் பளபளப்பு மட்டுமே. கூலிக்கு உழைப்போரிடம், அவர் தவறிழைக்காதவரை, இழப்பீடு கேட்கலாகாது என்பதே இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் கருத்து. ஆயினும் தீய தொழிலாளர் அதனைச் சாக்காக்குவர் என்றஞ்சி அதை அவர்கள் வெளியிடாதிருந்தார்கள் என அவர்தம் மாணவர் ரபீஉ (ரஹ்) அறிவிக்கிறார். தொழிலாளியின் கையை அமானிதக் கையாகக் கருதிய பெருந்தகை, அக்கை கெடக்கூடும் என்பதையும் அறிந்திருந்தார்.

கெடுப்பதில் நமக்கும் பங்குண்டு. முன்பக்கம் மட்டும் துடைத்தால் போதுமென்று கூலியைக் குறைப்பவர், பின்பக்கத்தின் அழுக்கைத் தாமே விலைக்கு வாங்குகிறார். பள்ளிவாசல் நிர்வாகிகளும் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். உள்ளே தொழுவோர் உடல் குளிர, வெளியே அண்டை வீட்டுச் சாளரத்தில் அனல் வீசுமாயின், அவ்வீட்டார் தம் மனத்தில் என்ன நினைப்பர்? பெட்டி வாங்குமுன் அச்சுவரின் வெளிப்புறம் சென்று நின்று பாருங்கள். எதிரே சாளரம் இருப்பின் வேறு சுவரைத் தேடுங்கள். இயலாதெனில், அவ்வீட்டாரிடம் ஒரு சொல் கேட்ட பின்னரே சுவரைத் துளையுங்கள். அண்டை வீட்டார் ஹக்கை நாடி நடக்க வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக!