சொன்னால் மட்டும் போதுமா?



சென்ற வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து அன்னதான மண்டபத்தில் இருந்தபோது, எமது சங்க உறுப்பினர் ஒருவரின் மகன் என் அருகில் வந்து அமர்ந்தார். அவர் கணனிப் பாதுகாப்புக் கண்காணிப்பில் மூத்த பொறியியலாளர். பெரிய நிறுவனங்கள் பலவற்றின் கணனி வலையமைப்புகளை அவரது குழு இரவு பகலாக முறைவைத்துக் காவல் செய்கிறது. யார், எந்த நேரம், எங்கிருந்து உள்நுழைந்தார் என்ற பதிவுகள் ஓயாது வந்து குவியும். வழமைக்கு மாறாக ஏதும் தென்பட்டால் எச்சரிக்கை எழும். அவற்றுள் பெரும்பாலானவை வீண் எச்சரிக்கைகளே.

"அங்கிள், ஒரு கொம்பனிக்கு எச்சரிக்கை அனுப்பினனான். அவையள் கவனிக்கேல்லை. பிறகு களவு போயிட்டுது. நான் சொன்னனான் தானே? அது என்ரை பிழையோ?" என்று கேட்டார்.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

இது புதிய கேள்வி அன்று. 2013ஆம் ஆண்டு அமெரிக்காவின் டார்கெட் அங்காடிகளில் ஏறக்குறைய 4 கோடி கடன் அட்டை, வங்கி அட்டை விபரங்கள் திருடப்பட்டன. பாதுகாப்பு மென்பொருள் முன்னரே எச்சரித்திருந்தது. பெங்களூரில் இருந்த கண்காணிப்புக் குழு மினியாபொலிசில் உள்ள தலைமையகத்துக்கு அறிவித்தும் இருந்தது. உடனடி நடவடிக்கை தேவையில்லை என்று அங்கே தீர்மானித்துவிட்டனர். பார்க்க வேண்டியவர் பார்த்தார். சொல்ல வேண்டியவர் சொன்னார். ஆயினும் களவு நடந்தது.

இதற்கு நேர்மாறான சம்பவம் ஒன்றும் உண்டு. 1986இல் கலிபோர்னியாவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தில், கணனிப் பாவனைக் கணக்கில் 75 சதம் பொருந்தவில்லை. அதைச் சரிபார்க்கும்படி கிளிபோர்ட் ஸ்டோல் என்ற வானியலாளரிடம் கூறினர். அவர் அதை விடாமல் பல மாதங்கள் தொடர்ந்து சென்றார். முடிவில், மேற்கு ஜேர்மனியிலிருந்து ஊடுருவி, சோவியத் உளவுத்துறைக்குத் தகவல் விற்ற கூட்டம் பிடிபட்டது. 75 சதம்தானே என்று அவர் ஒதுக்கியிருக்கலாம். எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

கணக்காளனாகிய எனக்கு இது நன்கு விளங்கும். பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓரிடத்தில், சில்லறைக் காசுக் கணக்கில் மாதாமாதம் சிறு தொகை குறைந்தது. குறிப்பெழுதி மேலதிகாரியிடம் கொடுத்தேன். பதில் வரவில்லை. எனது அகதி விண்ணப்பம் முடிவாகாத காலம் அது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் திரும்பக் கேட்கவில்லை. ஈற்றில் பழி, குற்றமேதும் செய்யாத காசாளர் பெண் ஒருவர்மேல் விழுந்தது. அவர் வேலையை இழந்தார். எனது குறிப்பின் பிரதி என்னிடம் இருந்தது. அது என்னைக் காப்பாற்றியது. அவரைக் காப்பாற்றவில்லை.

ஒவ்வொரு வீண் எச்சரிக்கைக்கும் கூக்குரலிட்டால் எவரும் செவிகொடார் என்பதும் உண்மை. ஆகவே எதை அடக்குவது, எதை எழுப்புவது என்று தீர்மானிப்பதும் மூத்த பொறியியலாளரின் வேலையே. அங்கே தவறு நேரலாம்; மனிதர் தவறுவது இயல்பு. ஆனால் பாரதூரமானது என்று தன் மனம் அறிந்த ஒன்றை அனுப்பிவிட்டு, "என் கடமை முடிந்தது" என்று இருப்பது தவறுவது அன்று, ஒதுங்குவது.

அடுத்த வெள்ளி அந்தப் பிள்ளையிடம் சொன்னேன்: "தம்பி, களவு உம்முடைய பிழை இல்லை. ஆனால் மற்றவர் 'விளங்கிவிட்டது, பார்க்கிறேன்' என்று பொறுப்பேற்கும் வரைக்கும் அது உம்முடைய கையிலைதான் இருக்கு. இன்னொருக்கால் தொலைபேசி எடும்."

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இனி எடுக்கிறன் அங்கிள்" என்றார். நான் அன்று எடுக்காத அந்தத் தொலைபேசியை அவராவது எடுக்க எம்பெருமான் அருள் புரிவாராக.