அழகாக இருந்திருக்க வேண்டியதில்லை

இடிக்கப்பட்ட ஊரை நினைத்து ஏங்குபவர்களிடம் நாம் உடனே கேட்டுவிடுகிறோம்: "அந்த இடம் நிஜமாவே அவ்ளோ நல்லாவா இருந்துச்சு?"

பாஸ்டன் நகர மையத்தில் இருந்த ஸ்காலே சதுக்கத்தையே எடுத்துக்கொள்வோம். மாலுமிகள் மொய்த்த மதுக்கூடங்கள், பச்சை குத்தும் கடைகள், கவர்ச்சி நடனத்துக்குப் பேர்போன ஓல்ட் ஹோவர்ட் அரங்கம். 'கௌரவமானவர்கள்' முகம் சுளித்த இடம். 1960களின் தொடக்கத்தில் அதை இடித்து அரசு அலுவலக வளாகம் கட்டினார்கள். இன்று அங்கே கான்கிரீட்டில் ஒரு நகர மன்றமும், அதன் முன்னால் செங்கல் பாவிய பெரிய திடலும் இருக்கின்றன. 1873இல் ஒரு தேயிலைக் கடை வாசலில் மாட்டிய, ஆவி விடும் ராட்சதக் கெட்டில் தப்பித்து, திடலோரம் தொங்குகிறது.

பக்கத்திலிருந்த வெஸ்ட் எண்டின் கதை அதற்கும் முன்பே முடிந்துவிட்டது. இத்தாலியர்களும் யூதர்களும் இன்னும் பல நாட்டிலிருந்து வந்தவர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. 1953இல் இடிப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. காலி செய்யச் சொன்னது 1958இல். இடிபடப்போகிற வீட்டுக்கு எந்த ஓனர் வெள்ளையடிப்பார்? பராமரிப்பு குறைந்தது. பிறகு அந்தப் பாழையே காட்டி 'பாத்தீங்களா, ஸ்லம்' என்றார்கள். இடிப்புக்குச் சற்று முன்பு அங்கேயே குடியிருந்து ஆராய்ந்த சமூகவியலாளர் ஹெர்பர்ட் கான்ஸ், 1962இல் வந்த தன் நூலில் அதை மறுத்தார். அது வாடகை குறைந்த பகுதி, ஸ்லம் அல்ல என்றார்.

நினைவு எதையும் இனிப்பாக்கிவிடும் என்பது உண்மைதான். இருட்டு மாடிப்படியை மறந்துவிட்டு, அடுத்த வீட்டுக் குழம்பு வாசனையை மட்டும் வைத்துக்கொள்ளும். சரி, ஒப்புக்கொள்வோம். அதனால் என்ன? அழகில்லாத இடம் என்றால் கேட்காமல் இடிக்கலாமா? 'அழகாக இருந்தது' என்று நிரூபிக்கும் பொறுப்பை இழந்தவர்கள் தலையில் கட்டுவதே அநியாயம். வெஸ்ட் எண்டிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களை ஆராய்ந்த உளவியலாளர் மார்க் ஃபிரைட், அவர்களில் பலரிடம் கண்டது மரண துக்கத்துக்கு இணையான துக்கம். செத்தவர் நல்லவரா என்று விசாரித்துவிட்டா துக்க வீட்டுக்குப் போகிறோம்?

'நகரம் மாறித்தானே ஆகணும்' என்பார்கள். ஆமாம். பழைய மென்பொருளைத் தூக்கிவிட்டுப் புதிதாக எழுதுவது என் தொழிலிலும் நடப்பதுதான். அப்போது பயனர்களைப் பத்திரமாகப் புதியதற்கு அழைத்துப்போவதுதான் வேலையிலேயே கஷ்டமான பகுதி. வெஸ்ட் எண்டில் அந்தப் பகுதியையே விட்டுவிட்டார்கள். புதிதாக எழுந்த அடுக்குமாடிகளின் வாடகை பழைய குடிகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. வளர்ந்தது நகரம், விலை கொடுத்தது வேறு ஆட்கள்.

2015இல் பாஸ்டன் மறுவளர்ச்சி ஆணையத்தின் இயக்குநர் வெஸ்ட் எண்ட் மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்புக்காக யாரும் அந்தத் தெருக்கள் அழகாக இருந்தன என்று நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. அங்கே ஆட்கள் வாழ்ந்தார்கள், அவர்களைக் கேட்காமல் முடிவெடுத்தார்கள். அது போதும். ஆகவே அடுத்த முறை யாராவது "எங்க தெரு அப்போ…" என்று ஆரம்பித்தால், நல்லா இருந்துச்சா என்று கேட்க வேண்டாம். உங்களை யாராவது கேட்டாங்களா என்று கேட்கலாம்.