கரையின் ஆள்

1982 மார்ச் 1. மண்டைக்காடு பகவதியம்மன் கோயிலில் மாசிக் கொடை நடந்துகொண்டிருந்தது. இந்து–கிறிஸ்தவ மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் இறந்தார்கள். கலவரம் கடலோர ஊர்களுக்கும் பரவியது. அந்த நேரத்தில் அங்கே வந்து சமாதானம் பேசியவர் குன்றக்குடி அடிகளார். சைவ மடத்தின் தலைவர், கத்தோலிக்க மீனவர்களைத் தேடிப் போனார். நாஞ்சில் நாட்டில் அதை இன்றும் மறக்கவில்லை.

அடிகளார் எதிர்த்தரப்பின் வாசலுக்குப் போனார். அவர் வெளியிலிருந்து வந்தவர் என்பதே அதற்கு ஒரு பலம். கடற்கரையின் ஆயருக்கு அந்த வசதி கிடையாது. ஞானஸ்நானம் முதல் அடக்கம் வரை இங்கே எல்லாம் மாதா கோயில்தான். பல ஊர்களில் மீன் ஏலத்திலும் கோயிலுக்குப் பங்கு உண்டு. இப்படி ஒரு தரப்போடு ஒட்டிப் பிறந்தவர் சமாதானத் தூதராக இருக்க முடியுமா?

திருவனந்தபுரத்தின் லத்தீன் கத்தோலிக்க ஆயராக இருந்த சூசைபாக்கியத்தின் முன் இந்தக் கேள்வி பலமுறை வந்தது. 1946 மார்ச் 11-இல் நீரோடியை அடுத்த மார்த்தாண்டன்துறையில் பிறந்தவர். 1956-இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. தூத்தூர் வட்டாரத்துப் பங்குகளோ திருவனந்தபுரம் மறைமாவட்டத்திலேயே நின்றுவிட்டன. ரேஷன் கார்டு ஒரு மாநிலம், ஆயர் இன்னொரு மாநிலம். அந்தக் கரையின் தமிழர் 1991-இல் கேரளத் தலைநகரின் ஆயரானார். 2004-இல் அது உயர்மறைமாவட்டமானபோது அதன் முதல் பேராயர்.

1995-இல் விழிஞ்ஞத்தில் மோதிக்கொண்டவர்கள் முஸ்லிம்களும் கத்தோலிக்க மீனவர்களும். அதாவது, ஒரு தரப்பு அவருடைய பங்கு மக்களே. எதிரியிடம் பேசுவதைவிடச் சொந்த மக்களை அடக்குவதுதான் கடினம் என்று தோன்றுகிறது. மதுவை அவர் எதிர்த்ததையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். 2017-இல் கேரள ஆயர் பேரவையின் தலைவராக இருந்தபோது, இடதுசாரி அரசின் மதுக் கொள்கையை வெளிப்படையாகக் கண்டித்தார். அரசைத் திட்டுவது எளிது. ஆனால் குடி கடற்கரை வீடுகளுக்குள்ளும் இருக்கிறது. அந்தப் பேச்சு சொந்தப் பங்குகளையும் சுடும்.

அதே ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தது. ஆழ்கடலில் சுறா பிடிக்கப் போயிருந்த தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் பலர் திரும்பவில்லை. குழித்துறையில் மீனவர்கள் ரயிலை மறித்தார்கள். திருவனந்தபுரத்தில் ஆளுநர் மாளிகை நோக்கிப் பேரணி போனது. பேராயரும் அதில் இருந்தார். இங்கே அவர் நடுநிலை வகித்திருந்தால் அது கோழைத்தனமாகத்தான் இருந்திருக்கும். காணாமல் போனவர் இறந்தார் என்று சட்டம் ஏற்கப் பொதுவாக 7 ஆண்டுகள் வேண்டும். அதுவரை அந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? அமைதியாக இருங்கள் என்று அந்தப் பெண்களிடம் சொல்ல எந்த ஆயருக்கும் உரிமை இல்லை.

அதற்கு அடுத்த ஆகஸ்டில் கேரளத்தை வெள்ளம் சூழ்ந்தபோது இதே கரையிலிருந்து படகுகள் லாரிகளில் ஏறிச் செங்கன்னூர் வரை போயின. யாரைக் காப்பாற்றுகிறோம், அவர் எந்த மதம் என்று மீனவர்கள் கேட்கவில்லை.

2022 பிப்ரவரி 2-இல் தாமஸ் ஜே. நெட்டோவிடம் பொறுப்பு போனது. சில மாதங்களில் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு எதிராகப் போராட்டம் தொடங்கியது. நவம்பர் 27-இல் காவல் நிலையத்தில் வன்முறை வெடித்தது. டிசம்பர் 6-இல் போராட்டம் நின்றது. கடலரிப்பில் வீடிழந்தவர்கள் ஒருபுறம், துறைமுகம் வேண்டும் என்ற உள்ளூர்க்காரர்கள் மறுபுறம். கரையோடு நிற்பதா, கரையை அடக்குவதா என்ற பழைய கேள்வி அப்போது புதிய பேராயரின் மேசைக்கு வந்தது.