பந்தியும் பக்கவாத்தியமும்

சில வருஷங்களுக்கு முன் பசுமலையில் நண்பர் ஒருவர் வீட்டில் ஒரு கச்சேரி கேட்டேன். ஒரு வீணை, ஒரு மிருதங்கம், கேட்பதற்குப் பதினைந்து பேர். மைக் கிடையாது. கூடத்தில் ஜமக்காளம் விரித்து, மின்விசிறியைக்கூட நிறுத்தியிருந்தார்கள். தந்தியின் நாதம் தேய்ந்து தேய்ந்து அடங்குகிற இடம் அப்போதுதான் காதுக்கு எட்டும். ஏழு மணிக்குச் சங்கீதம், ஒன்பது மணிக்குச் சாப்பாடு என்று நண்பர் முன்பே சொல்லியிருந்தார். அன்று வாசித்த இருவரில் ஒருவர் சாப்பிடாமல் போனார். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தொடங்குமுன் மிருதங்கக்காரர் சமையலறையிலிருந்து கொஞ்சம் ரவை கேட்டு வாங்கிக்கொண்டார். ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து இடப்பக்கத்துத் தொப்பியில் அப்பினால்தான் கும்மென்ற நாதம் வரும். மாவு பூசினால் மிருதங்கம் இனிமையாகப் பேசுவதை வைத்து, சோற்றுக்கு மயங்கும் மனிதர்களைக் கேலி செய்யும் வடமொழிச் சுலோகம் ஒன்றுகூட உண்டு. அந்த வீட்டில் அன்று முதலில் சாப்பிட்டது மிருதங்கம்தான்.

வீணைக்காரர் தோடியை எடுத்துக்கொண்டார். முக்கால் மணி நேரம். ஒன்பது மணி நெருங்கியபோது உள்ளேயிருந்து நெய் காயும் வாசனை வந்தது. தனி ஆவர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. மிருதங்கக்காரரின் நெற்றி வேர்வை சொட்டுவதை நான் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். மனம் மட்டும் ரசத்துக்கும் பாயசத்துக்கும் போய்விட்டது. வெட்கக்கேடுதான்.

கேள்வியைப் பற்றிப் பேச வந்த வள்ளுவர், காதுக்கு ஆகாரம் இல்லாத வேளையில் வயிற்றைக் கவனித்தால் போதும் என்கிறார். கேட்பவனுக்குச் சொன்ன வார்த்தை அது. காதுக்கு ஆகாரம் போடுகிறவனுடைய வயிறு என்ன ஆகிறது? கச்சேரிக்கு முன் வயிறு நிறையச் சாப்பிடாத வித்வான்கள் பலர். விருந்து வீட்டில் எல்லோரையும்விடப் பசித்திருப்பவர் அவராகத்தான் இருக்கும்.

முதல் பந்தியில் வீணைக்காரரை நண்பர் கையைப் பிடித்துத் தம் பக்கத்தில் உட்காரவைத்தார். மிருதங்கக்காரரை யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வாருங்கள் என்றும் சொல்லவில்லை.

பின்னொரு நாள் நண்பரிடம் இதைச் சொன்னேன். "இரண்டாம் பந்திக்கு அவருக்கும் இலை போடச் சொல்லியிருந்தேனே! பேசின சன்மானத்தையும் கொடுத்துவிட்டேன்" என்றார். பொய்யில்லை. அவர் கெட்டவருமில்லை.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. 1781-இல் வியன்னாவில், சால்ஸ்பர்க் ஆர்ச்பிஷப்பிடம் ஊழியம் பார்த்த மொஸார்ட், சாப்பாட்டு மேஜையில் தம்மை அந்தரங்கப் பணியாட்களுக்குக் கீழே, சமையற்காரர்களுக்கு மேலே உட்காரவைக்கிறார்கள் என்று தகப்பனாருக்குக் கடிதம் எழுதினார். அதே வருஷம் அந்த வேலையையும் உதறினார். இந்தக் கோபத்தில் எனக்குப் பாதிச் சம்மதம்தான். சமையற்காரர்களோடு சேர்ந்து சாப்பிடுவதில் என்ன அவமானம்? பசுமலையில் அன்று பாயசம் கிண்டியவரும் கடைசியில்தான் சாப்பிட்டிருப்பார். அவருக்காக நான் இந்தக் கட்டுரையை எழுதியிருப்பேனா?

எழுதியிருக்க மாட்டேன். அவரை நான் பார்க்கவேயில்லை. பெரிய சபாவில் டிக்கெட் வாங்கி இருபதாவது வரிசையில் உட்கார்ந்தவனுக்கும் அந்தச் சாக்கு உண்டு. பதினைந்து பேருக்கு நடுவே, விரலின் நடுக்கம்வரை தெரியும்படி உட்கார்ந்து கேட்டவனுக்கு அது கிடையாது. அந்த நெருக்கத்துக்காகத்தானே மைக்கை வேண்டாம் என்றோம்! நாதத்துக்கு மட்டும் நெருங்கி உட்கார்ந்து, நாதம் நின்றதும் விலகிக்கொள்ள நமக்கு என்ன உரிமை?

சென்னை ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் வீட்டிலேயே வாசிப்பார். பெரிய பெரிய வித்வான்களும் அங்கே தேடிப் போய்த்தான் கேட்டார்கள். சின்னச் சத்தமும் கூடாது. 1938-இல் காலமான அந்த அம்மாளுக்குப் பணக்கஷ்டம் நிறைய இருந்தது. ஆனாலும் அந்தக் கூடத்தில் அவர்தான் வீட்டுக்காரர். கேட்க வந்தவர்கள் விருந்தாளிகள். சங்கீதத்தை நம் வீட்டுக்கு வரவழைக்கும்போது இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது.

இவ்வளவும் பின்னால் யோசித்தவை. அன்று இரவு நான் முதல் பந்தியில் திருப்தியாகச் சாப்பிட்டு, கை கழுவத் தாழ்வாரத்துக்கு வந்தேன். மிருதங்கக்காரர் காய்ந்த ரவையைத் தொப்பியிலிருந்து சுரண்டிக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டீர்களா?" என்றேன்.

"இவன் சாப்பிட்டாச்சு, சார்" என்று மிருதங்கத்தைத் தட்டிச் சிரித்தார். "நமக்கு வீட்டிலே இருக்கும். பத்து மணி பஸ்ஸை விட்டால் கஷ்டம்."

என்னை அழைத்துவந்த நண்பரின் கார் வாசலில்தான் நின்றது. மதுரைக்குத்தான் திரும்பப் போகிறோம். பின் சீட்டில் மிருதங்கத்துக்கும் இடமிருந்தது. அவர் உறையை மாட்டித் தோளில் தூக்கிக்கொண்டு திருப்பரங்குன்றம் சாலைக்கு நடந்தார்.

உள்ளே வெற்றிலைத் தட்டு வந்திருந்தது. தோடியைப் பற்றி என் அபிப்பிராயத்தைக் கேட்டார்கள். சொன்னேன்.